வெற்றுக் கிடங்கு என்னும் புனைவு

நிர்வாகவியல் புத்தகங்களை யாரும் பிரதிகளாக எடுத்துக்கொண்டு வாசிப்பதில்லை. நாவலைக் கட்டுடைக்கிறோம், சினிமாவைக் கட்டுடைக்கிறோம், பாடப்புத்தகத்தையும் சோப்பு விளம்பரத்தையும் கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் நம்மில் பலபேர் காலை எட்டு மணிக்கு கார்டு பஞ்ச் பண்ணி உள்ளே போகிற இடத்தை எந்தப் பிரதி எழுதிவைத்திருக்கிறது என்று கேட்பதில்லை. அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம், இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். அதிகாரம் தன்னை மிகச் சாதுவாக எழுதிக்கொள்கிற இடம் அந்த டெக்னிக்கல் சமாச்சாரம்தான் என்பது என் கட்சி. இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது டொயோட்டா உற்பத்தி முறை குறித்து தாயிச்சி ஓனோ 1978இல் ஜப்பானிய மொழியில் எழுதி, 1988இல் ஆங்கிலத்துக்கு வந்த சிறிய புத்தகத்தை. கூடவே, அதற்கு ஐந்து வருஷம் முன்பே வெளியான இன்னொரு புத்தகத்தையும்.

ஓனோவின் மையச் சொல் 'முடா'. வீண், விரயம், பயனற்றது என்றெல்லாம் சொல்லலாம். ஏழு விதமான விரயங்களை அவர் எண்ணுகிறார்: தேவைக்குமேல் உற்பத்தி, காத்திருத்தல், இடம்விட்டு இடம் தூக்கிப்போதல், அநாவசியமான வேலைப்பாடு, சரக்கு இருப்பு, வீண் அசைவு, பழுதான பொருள். இவற்றில் தேவைக்குமேல் உற்பத்தி செய்வதே தாய் விரயம், மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். ஆகவே பின்னால் இருக்கிற பிரிவு முன்னால் தள்ளக் கூடாது. முன்னால் இருக்கிற பிரிவு தனக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் பின்னால் போய் எடுத்துவர வேண்டும். எடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு அட்டை, அதுதான் கான்பான். அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்ததைச் செய்யலாம். வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் அலமாரி காலியாகிற அளவுக்கே நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து இந்த யோசனை வந்ததாக அவரே சொல்கிறார்.

இது எத்தனை பெரிய உடைப்பு என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 1913இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் (கார் கம்பெனிக்காரர் அல்ல, வேறு ஆள்) ஒரு தடவைக்கு எத்தனை உருப்படி செய்வது லாபம் என்பதற்கு ஒரு வாய்பாடு கொடுத்தார. எந்திரத்தை ஒரு வேலைக்குத் தயார்செய்ய ஆகிற செலவு ஒரு பக்கம், செய்த சரக்கை வைத்துக் காப்பாற்ற ஆகிற செலவு இன்னொரு பக்கம். இரண்டும் சமப்படுகிற புள்ளியே சரியான அளவு. வர்க்கமூலம் போட்டால் விடை வந்துவிடும். இன்றைக்கும் எம்.பி.ஏ. மாணவர்கள் முதல் செமஸ்டரில் உருப்போடுவது இதைத்தான். இந்த வாய்பாடு தயார்செய்யும் செலவை இயற்கை விதிபோல் எடுத்துக்கொள்கிறது. ஓனோவும் அவரோடு சேர்ந்து வேலைபார்த்த ஷிகியோ ஷிங்கோவும் அந்த 'இயற்கை'யில் கைவைத்தார்கள். 1969இல் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரமானது. அதைத் தொண்ணூறு நிமிஷமாக்கி, பிறகு மூன்று நிமிஷமாக்கியதாக ஷிங்கோ எழுதியிருக்கிறார். நான்கு மணி மூன்று நிமிஷமானால் எண்பதில் ஒரு பங்கு. ஹாரிஸின் வர்க்கமூலத்தையே போட்டுப் பார்த்தால் ஒரு தடவைக்குச் செய்யவேண்டிய அளவு ஒன்பதில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது. மாறாதது என்று எழுதப்பட்டதை மாற்றக்கூடியது என்று திருப்பி எழுதுவது... நம் விமர்சகர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதைப் பட்டறையில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு பிரதியும் தன் பிறப்பை மறைக்கிறது. ஓனோவின் பிரதியில் விரயத்தின் மீதான வெறுப்பு ஒரு ஞானம்போல வருகிறது. சரித்திரத்தில் அது ஒரு கடன் நெருக்கடியாக வந்தது. 1949-50இல் விற்காத வண்டிகளோடு டொயோட்டா திவாலின் விளிம்பில் நின்றது. வங்கிகள் கைகொடுத்தன, நிபந்தனைகளோடு. 1600 பேரை வெளியேற்றும் திட்டம் வந்தது, 1950இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, நிறுவனர் கிச்சிரோ டொயோடா பதவி விலகினார். அந்த ஜூன் மாதமே கொரியப் போர் வெடித்து அமெரிக்க ராணுவ லாரி ஆர்டர்கள் குவிந்தன. ஆளைச் சேர்க்காமல் உற்பத்தியைக் கூட்டு என்பதே அன்றைய கட்டளை. 'முடா' என்ற சொல்லுக்கு அடியில் வெளியேற்றப்பட்டவர்களின் சுவடு இருக்கிறது.

இந்தத் துறையின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஓர் உருவகம் உண்டு. சரக்கு இருப்பு என்பது ஏரித் தண்ணீர். தண்ணீர் நிறைய இருந்தால் அடியிலுள்ள பாறைகள், அதாவது பழுதான எந்திரம், மோசமான தரம், தாமதம் எல்லாம் மறைந்துகிடக்கும். தண்ணீரை வடித்தால் பாறை தெரியும், உடைத்து எடுத்துவிடலாம், படகு சுகமாகப் போகும். அழகான உருவகம். கண்ணால் பார்ப்பது படகில் இருப்பவர் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மீன்களைப் பற்றிப் பேச்சில்லை. வடித்த தண்ணீர் எங்கே போயிற்று என்பதும் இல்லை.

சரி, அப்ப சரக்கு எங்கதான் போச்சு?

மார்க்ஸ் இதைக் கேட்டிருக்கிறார். மூலதனம் இரண்டாம் பாகத்தில், சுற்றோட்டச் செலவுகள் பற்றிய அத்தியாயத்தில். நம் தோழர்கள் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்வதால் இந்தப் பக்கங்கள் அதிகம் புரட்டப்படுவதில்லை. சேமிப்பு இருப்பு என்பது முதலாளிய உற்பத்திக்கே உரிய ஒன்று என்று ஆடம் ஸ்மித் நினைத்ததை மார்க்ஸ் கேலிசெய்கிறார். இருப்பு மூன்று வடிவங்களில் இருக்கிறது: உற்பத்திக்கான மூலப்பொருளாக, வீட்டு நுகர்வுக்கான சேமிப்பாக, சந்தையில் காத்திருக்கும் சரக்காக. ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் கூடும். வடிவம் மாறியதை இல்லாமல்போனதாக எண்ணக் கூடாது என்பது அவர் வாதம். வீட்டுக் குதிரில் நெல் இருந்த காலம் போய் மளிகைக் கடையில் மூட்டை இருக்கிற காலம் வந்ததும் இந்த மாற்றம்தான். நூற்பாலைக்காரன் எத்தனை பஞ்சை வாங்கிவைக்க வேண்டும் என்பது பஞ்சு எவ்வளவு வேகமாக, ஒழுங்காக, நிச்சயமாக வந்துசேரும் என்பதைப் பொறுத்தது என்றும் சொல்கிறார். கான்பானுக்கு ஏறக்குறைய எழுபது வருஷம் முன்பே அச்சான பக்கங்கள் இவை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்கிற இன்னொரு கம்பெனிக்கு புஷ் கடைந்து கொடுப்பவர். போன தடவை போனபோது உட்கார இடமில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசின பெட்டிகள் பாத்ரூம் கதவு வரை அடுக்கியிருந்தன. "என்ன இது, இத்தனை ஸ்டாக்?" என்றேன். "அவங்க ஜீரோ ஸ்டாக் சார். அதான் இதெல்லாம் எங்கிட்ட இருக்கு. அவங்க போன் பண்ணா ரெண்டு மணி நேரத்துல போய் நிக்கணும். லைன் நின்னா டெபிட் நோட் போட்டுடுவான். வட்டி நான் கட்றேன், பேரு அவனுக்கு" என்றார். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டம் சொல்கிறதே என்று கேட்டதற்கு, கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் யார் தருவார்கள் என்று திருப்பிக் கேட்டார். இவர் ஓனோவைப் படித்ததில்லை. படித்தவர்கள் விட்டுவைத்த இடத்தில் குடியிருக்கிறார். இதற்கு ஓனோ பொறுப்பல்ல, அவர் சொன்னதைச் சரியாகச் செய்யவில்லை, சப்ளையருக்கும் அதே முறையைக் கற்றுத்தரவேண்டும் என்பதே அவர் கொள்கை என்று பக்தர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு சொல்லாடலை அதன் நோக்கத்தால் அல்ல, அது ஊர்விட்டு ஊர் போகும்போது எதைச் சாத்தியமாக்குகிறது என்பதால்தான் வாசிக்க முடியும்.

ஊர்விட்டுப் போகாத இடத்திலேயே, டொயோட்டா நகரத்திலேயே பார்ப்போம். சடோஷி கமாத்தா என்ற பத்திரிகையாளர் 1972 செப்டம்பரில் பருவத் தொழிலாளியாக அங்கே சேர்ந்து, கியர்பாக்ஸ் பூட்டுகிற லைனில் ஆறு மாதம் நின்றார். அவர் நாட்குறிப்பு 1973இல் வந்தது, 1982இல் ஆங்கிலத்தில். ஓனோவின் புத்தகத்தில் எல்லாம் பாய்கிறது, யாருக்கும் வலிப்பதில்லை. கமாத்தாவின் புத்தகத்தில் விரல் வீங்குகிறது, லைனின் வேகம் சொல்லாமல் கொள்ளாமல் கூடுகிறது, ஷிப்ட் முடிகிற நேரம் முடிகிற நேரத்தில்தான் தெரிகிறது. ஒரே தொழிற்சாலை, இரண்டு பிரதிகள். முதலாவது சொல்லாமல் விட்டதை இரண்டாவது நிரப்புகிறது என்று மட்டும் சொன்னால் பாதிதான்; இரண்டாவதில் இருப்பது முதலாவது இயங்குவதற்கான நிபந்தனை.

1995 வரை டொயோட்டாவில் பகல் ஷிப்ட் முடிவதற்கும் இரவு ஷிப்ட் தொடங்குவதற்கும் நடுவே சில மணி நேர இடைவெளி இருந்தது. அது ஓய்வு நேரமல்ல. அன்றைய எண்ணிக்கை முடியாவிட்டால் ஓவர்டைம் வைத்து முடிப்பதற்கான இடம். இருப்பு வைத்திருக்கிற தொழிற்சாலையில் எந்திரம் பழுதானால் இருப்பிலிருந்து எடுத்துச் சமாளிப்பார்கள். இருப்பில்லாத தொழிற்சாலையில் தொழிலாளியின் சாயங்காலத்திலிருந்து எடுத்தார்கள். அதாவது கிடங்கு காலியாகவில்லை. அலமாரியில் இருந்தது ஆளின் உடம்புக்குள் போய்விட்டது. வேலைநாளின் நுண்துளைகளை அடைப்பது பற்றி மார்க்ஸ் முதல் பாகத்தில் எழுதியதை இங்கே இன்னும் நீட்ட வேண்டும்: வேலைநாளுக்கு வெளியே இருந்த நேரத்தையே கையிருப்பாக எழுதிக்கொள்வது. 2002இல் ட்ஸுட்ஸுமி ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்த முப்பது வயதுத் தொழிலாளி வேலையிலேயே சரிந்து இறந்தார். ஷிப்டுக்குப் பிறகு நடத்தப்பட்ட 'தன்னார்வ' தரவட்டக் கூட்டங்களும் வேலைதான் என்று 2007இல் நகோயா நீதிமன்றம் அவர் மனைவியின் வழக்கில் தீர்ப்பளித்தது. 'தன்னார்வம்' என்ற அந்தச் சொல்லை நீதிமன்றம் கட்டுடைத்த அளவுக்கு நம் கோட்பாட்டாளர்கள் கட்டுடைத்ததில்லை.

இத்தோடு முடித்து, பார்த்தீர்களா சுரண்டல் என்று கையைத் தட்டிவிட்டுப் போனால் நம்ம இடதுசாரி நண்பர்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கு இல்லை. ஏனென்றால் வெற்றுக் கிடங்கு முதலாளியையும் அம்மணமாக நிறுத்துகிறது. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி விடியற்காலை, கரியா நகரில் ஐசின் கம்பெனியின் ஆலை எரிந்தது. டொயோட்டாவுக்கு வேண்டிய பிரேக் வால்வில் 99 சதவீதம் அங்கேதான் தயாரானது. சிகரெட் பாக்கெட் அளவு சாமான். கையில் இருந்தது சில மணி நேரத்துக்கு மட்டும். சில நாட்களில் ஏறக்குறைய மொத்த டொயோட்டாவும் நின்றுவிட்டது. பிறகு சுமார் 200 கம்பெனிகள், தையல் மெஷின் செய்கிற பிரதர் உட்பட, வால்வு கடையத் தொடங்கி ஒரு வாரத்தில் மீட்டார்கள். நிர்வாகவியலார் இதை ஒத்துழைப்பின் காவியமாகக் கொண்டாடுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் இன்னொரு வாசிப்பு அமெரிக்காவில் நடந்தது. 1998 ஜூனில் மிச்சிகனின் ஃபிளிண்ட் நகரில் இரண்டே இரண்டு உதிரிபாக ஆலைகளில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 54 நாள். அந்தக் கம்பெனியின் வட அமெரிக்க உற்பத்தி அநேகமாக முழுதும் படுத்துவிட்டது. கிடங்கில் இரண்டு மாதச் சரக்கு இருந்திருந்தால் முதலாளி காலாட்டிக்கொண்டு காத்திருந்திருப்பார். இருப்பு என்பது வேலைநிறுத்தத்துக்கு எதிரான ஆயுதமாகவும் இருந்தது என்பதை ஓனோவும் எழுதவில்லை, அவரை விமர்சிப்பவர்களும் அதிகம் எழுதுவதில்லை.

இப்போது இந்தப் பிரதிக்குப் பச்சை அட்டை போட்டிருக்கிறார்கள். 'நீடித்த' சரக்கு மேலாண்மை. விரயத்தைக் குறைப்பது பூமிக்கும் நல்லதுதானே? ஓரளவுக்கு நல்லது, மறுக்கவில்லை. 2017இல் ஒரே வருஷத்தில் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை பர்பெரி அழித்தது. அந்தக் கம்பெனிக்கு ஓனோவை யாராவது வாசித்துக் காட்டியிருக்கலாம். தேவைக்குமேல் உற்பத்தியே தாய் விரயம் என்ற வாக்கியத்தை நான் எந்தச் சூழலியல்வாதியின் வாக்கியத்துக்கும் குறைத்து மதிப்பிட மாட்டேன். சிக்கல் எங்கே என்றால், விரயத்தை அளக்கிற கோல் கம்பெனியின் மதில்சுவரோடு நின்றுவிடுகிறது. வாரம் ஒரு லாரி வந்த இடத்தில் நாளுக்கு நான்கு லாரி, பாதி காலியாக. 80களின் கடைசியில் ஜப்பானிலேயே இந்த அடிக்கடி அனுப்புகிற முறையால் சாலை அடைத்துக்கொள்கிறது என்று கூச்சல் எழுந்தது. கிடங்கு சுவருக்குள் இருந்து சாலைக்கு நகர்ந்தது. சாலைக்கு வரி கட்டுபவர் வேறு ஆள். புகைக்கணக்கிலும் இதே கதை. சப்ளையர் விடும் புகை, வாங்குகிற கம்பெனியின் கணக்கில் 'மூன்றாம் வரம்பு' என்று தனியாக ஒதுக்கிவைக்கப்படுகிறது. மையத்தின் சுத்தம் விளிம்பின் அழுக்கால் எழுதப்படுகிறது என்று நாம் கலாச்சாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இங்கே எடைபோட்டுக் காட்டுகிற உதாரணம் கிடைக்கிறது.

2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே மனம் மாறியது. சிப்புகளை இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்கு இருப்பு வைக்கச் சொன்னது, சப்ளையர்களிடம். அதற்கு ஈடாக, வருஷாவருஷம் அவர்களிடம் கேட்டுவாங்கும் விலைக்குறைப்பில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி. அதனால்தான் கொரோனாக் கால சிப் பஞ்சத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. 2021 செப்டம்பரில் அதுவும் 40 சதவீத உற்பத்தியை வெட்ட வேண்டிவந்தது. 2022 மார்ச் 1ஆம் தேதி, பிளாஸ்டிக் பாகங்கள் தருகிற ஒரு சப்ளையரின் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்துவிட, ஜப்பானிலுள்ள 14 ஆலைகளும் ஒருநாள் நின்றன. சாமான் தீரவில்லை. ஆர்டர் போய்ச்சேர வழியில்லை. அட்டை வராததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அம்பத்தூர்க்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தார். கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர்கள் பெட்டிகளைப் பார்த்து முகம் சுளித்து, இதெல்லாம் 'முடா', எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்த ஜப்பானியச் சொல்லை அவர் அப்படியே, எழுத்து பிசகாமல் சொன்னார். எடுத்தீர்களா என்றேன். ஆடிட் அன்னைக்கு மட்டும் பக்கத்துப் பட்டறைக்கு மாத்திட்டேன் சார், வண்டி வாடகை எண்ணூறு ரூபா என்றார்.