501ஆவது யூனிட்

போடிநாயக்கனூர் அரசுப் பொறியியல் கல்லூரி 2012இல் தொடங்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியான அதிலும் முதலாண்டு பைத்தான் ஆய்வகப் பயிற்சிகளில் மின்கட்டணக் கணக்கு உண்டு. கம்பத்திலிருந்து வந்தாலும் ஆண்டிபட்டியிலிருந்து வந்தாலும் ஈபி அட்டையைப் பார்க்காத மாணவர் இருக்க முடியாது. ஆகவே நல்ல பயிற்சிதான். அதை எப்படிச் சோதிக்கிறோம் என்பதில்தான் எனக்குக் குறை.

பொதுவாகத் தமிழ்நாட்டு லேப்களில் நிரலை ஓட்டி, 250 என்று தட்டி, ஏதோ ஒரு தொகை வந்ததும் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இதற்கு மாற்று எளிது. உள்ளீட்டை ஒரு கோப்பிலும், வரவேண்டிய விடையை இன்னொன்றிலும் எழுதி வைக்கலாம். முதல் கோப்பை ஷெல் நிரலுக்கு ஊட்டும். வந்த வெளியீட்டை டிஃப் கட்டளை இரண்டாம் கோப்போடு ஒப்பிட்டு, ஒன்றாயிருந்தால் 0, வேறானால் 1 என்று சொல்லும். 1974 முதல் யூனிக்ஸில் இருக்கும் கருவி இது. மாணவர் நிரல்களைக் கணினியே திருத்தும் முறை பற்றி அமெரிக்காவின் ஜாக் ஹாலிங்ஸ்வொர்த் அதற்கும் முன்னால், 1960இல், எழுதியிருக்கிறார்.

இப்படிக் கணினியே சோதிப்பதன் பலன் வேகம் மட்டுமல்ல. நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் பழைய கேள்விகள் அனைத்தையும் அது சலிப்பில்லாமல் மறுபடி கேட்கும். யாருடைய நிரல் என்று பார்க்காது.

ஆனால் எதைக் கேட்பது என்று அதற்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் அமலான வீட்டுக் கட்டணத்தையே பாருங்கள். அப்போது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடினால் 1,958. 500ஐத் தாண்டியவருக்கு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலை 2.25லிருந்து 4.50 ஆகிவிட்டதே காரணம். இது புரியாமல் படிப்படியாகக் கூட்டும் நிரல் 1,733 என்று சொல்லும். 100, 250, 400, 500 என்று எதைக் கொடுத்தாலும் அந்த நிரல் பாஸ். அதைவிட மோசமானது, நிரல் கொடுத்த வெளியீட்டையே எதிர்பார்க்கும் விடையாகச் சேமித்து வைக்கும் பழக்கம். அப்போது 1,733தான் சரியான விடையாகிவிடும். நாளைக்கு ஒருவர் பிழையைத் திருத்தினால் சோதனை அவரைத் தவறு என்று நிறுத்தும்.

இன்னொரு குறை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பிடிவாதம். கணக்கு சரியாக இருந்தும், 'யூனிட்டைத் தருக' என்று நிரல் கேட்ட வரியும் வெளியீட்டில் சேர்ந்துகொள்வதால் ஃபெயில் ஆகிறது. இணையவழிப் பாடங்கள் நடத்தும் என்பிடெல் தளம் இடைவெளிப் பிழைகளைப் புறக்கணித்துப் பாஸ் என்று காட்டுவதுண்டு. அந்தத் தாராளம் நியாயமானது.

இடைவெளிச் சிக்கலைக் கருவியைச் சீராக்கித் தீர்த்துவிடலாம். 501ஐக் கேட்கத் தோன்றாத குறையை அப்படித் தீர்க்க முடியாது. யாரோ எழுதிய டெஸ்ட் கேஸ்களைத் தாண்டுவதற்கு மட்டுமே நம் மாணவர்கள் பழகுகிறார்கள். தாங்களே ஒன்றை எழுதுவது அரிது. லேப் நடத்தும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்: நிரலைத் தொடங்கும் முன் ஐந்து உள்ளீடுகளையும் அவற்றின் விடைகளையும் மாணவர் கையால் கணக்கிட்டு ரெக்கார்டில் எழுதட்டும். அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.