பிரிவின் விலை: பனியனின் ‘மோட்சப் பயணமும்’ ‘இரட்சணிய யாத்திரிகமும்’

முன்னுரை

கிறித்தவப் பற்றுறுதி பற்றிய இலக்கியங்களில் தியாகம் என்பது பெரும்பாலும் தியாகம் செய்பவரின் நோக்கிலேயே பேசப்படுகின்றது. அத்தியாகத்தின் விலையை அவரைச் சார்ந்தோரும் செலுத்துகின்றனர் என்பது போதிய கவனம் பெறவில்லை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக்கதையையும், அதனைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றி 1894இல் நூலாக வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தையும் இந்நோக்கில் இக்கட்டுரை அணுகுகின்றது.

சிறையும் குடும்பமும்

உரிமம் பெறாது போதித்தமைக்காக 1660இல் சிறைப்பட்ட பனியன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் இருந்தார். இனிப் போதிப்பதில்லை என உறுதியளித்திருப்பின் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். வெளியே இரண்டாம் மனைவி எலிசபெத்தும் முதல் மனைவியின் நான்கு குழந்தைகளும் இருந்தனர். மூத்த மகள் மேரி பார்வையற்றவர். கணவர் சிறைப்பட்ட அதிர்ச்சியில் எலிசபெத் தம் கருவை இழந்தார். 1661இல் நீதிபதிகள் முன் கணவருக்காக வாதாடியவரும் அவரே. 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பார்வையற்ற மகளைப் பற்றிய நினைவே தம்மை மிகுதியும் வருத்தியதாகப் பனியன் பதிவு செய்துள்ளார். ஆகவே, கொள்கைக்காக அவர் துறந்தது தம் உரிமையை மட்டுமன்று. பிறருடைய பாதுகாப்பையும் ஆகும்.

கதையில் எஞ்சும் உறுத்தல்

இவ்வுறுத்தல் கதைக்குள்ளும் புகுந்துள்ளது. மனைவி மக்கள் திரும்பி வருமாறு கதறக் கதைத்தலைவன் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். இச்செயலைத் தன்னலம் எனக் கண்டிப்போர் உளர். எனினும், அழகுமாளிகையில் அன்பு என்னும் கன்னி அவனது குடும்பத்தைப் பற்றி வினவ, அவன் அழுது விடையிறுக்கும் உரையாடல் முதற்பதிப்பில் இல்லை. இரண்டாம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. தம் படைப்பு எழுப்பிய வினாவை ஆசிரியரே உணர்ந்தமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகம் மனைவியும் நான்கு மைந்தரும் அதே வழியில் செல்வதைக் கூறுகின்றது. ஆயின் அவர்கள் புறப்படும்போது கணவன் ஆற்றைக் கடந்துவிட்டான். பிரிவு ஆற்றப்படுகின்றதேயன்றி இல்லாமற் போவதில்லை.

தமிழ்க் காப்பியத்தின் மாற்றம்

வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளைக்கு, பிறந்த சமயத்தை நீங்கும் அனுபவம் சொந்த வாழ்வின் செய்தி. அவர் முதற்பாகத்தின் கதைப்போக்கைத் தழுவினார். எனினும் இருநூல்களுக்குமிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. சிலுவையருகே தலைவனின் சுமை வீழ்வதைப் பனியன் சுருக்கமாகவே கூறிச் செல்கின்றார். தமிழ்க் கவிஞரோ கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடுகின்றார். இதனால் தியாகத்தின் மையம் இடம் மாறுகின்றது: மனிதன் துறப்பது தனித்த வீரச்செயலாக நில்லாமல், முன்னரே நிகழ்ந்த பெருந்தியாகத்திற்குரிய மறுமொழியாகின்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. சமயத்தைத் துறந்த கவிஞர் அச்சமயச் சூழல் தந்த கவிமரபைத் துறக்கவில்லை. கம்பரிடம் பயின்ற சொல்லும் சந்தமும் கிறிஸ்துவைப் பாடப் பயன்பட்டன. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் அடைமொழி வெறும் புகழுரையன்று. துறந்தவரிடம் எஞ்சி நின்றது எது என்பதற்கான குறிப்புமாகும்.

எனினும், இம்மையமாற்றத்திற்கு ஓர் இழப்பும் உண்டு. இறைவனின் தியாகம் விரிவு பெற, கைவிடப்பட்ட இல்லத்தின் துயரம் பின்னணிக்குச் செல்கின்றது. பனியனின் இரண்டாம் பாகத்தில் மனைவிக்குக் கிட்டிய நெடும்பயணம் தமிழ்க் காப்பியத்தில் இடம்பெறவில்லை.

நிறைவுரை

பனியன் விலையை மறைக்க இயலாமல் மீண்டும் மீண்டும் அதனிடம் திரும்புகின்றார். கிருஷ்ணபிள்ளை அவ்விலைக்குப் பொருள் காண்கின்றார். முன்னவரிடம் மனச்சான்றின் உறுத்தலும் பின்னவரிடம் பக்தியின் ஆறுதலும் மேலோங்குகின்றன. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பயிலும்போதே, துறந்தவரோடு துறக்கப்பட்டோரும் நம் வாசிப்பில் இடம் பெறுவர். எலிசபெத்தின் பக்கம் நின்று இக்காப்பியத்தை மீண்டும் வாசித்தல் தமிழ்க் கிறித்தவ இலக்கியத் திறனாய்வு செய்ய வேண்டிய பணியாகும்.