நேற்றைப் பாடும் குரல்: மூன்று திரைப்பாடல்களும் அசைவு என்னும் அளவுகோலும்

கடந்த காலத்தை எண்ணி ஏங்கும் திரைப்பாடல்களைத் தமிழர் வாழும் இடமெங்கும் விரும்பிக் கேட்கின்றனர். பணியின் பொருட்டு ஊரைவிட்டுத் தில்லிக்கு வந்து தங்கிய தமிழர்க்கு அவை இன்னும் நெருக்கமானவை. அவர்க்கு ‘அன்று’ என்பதும் ‘அங்கு’ என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. இத்தகைய பாடல்கள் வெறும் மனமயக்கம், ஆய்வுக்குரியன அல்ல என ஒதுக்குவோர் உளர். ஆயின், இவற்றுள் நல்லதையும் அல்லதையும் பிரித்தறியும் அளவுகோல் நம் இலக்கண மரபிலேயே உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக அசைவைக் கூறும். பண்டை நிலை கெட்டு வேறாகி வருந்துதலே அசைவு எனப் பேராசிரியர் விளக்குவார். எனவே, பழமையை நினைந்து வருந்தும் பாட்டில் பண்டை நிலையோடு, அது கெட்ட இன்றைய நிலையும் இடம்பெறுதல் வேண்டும். நேற்று மட்டுமே இருப்பின் அஃது இனிய நினைவேயன்றி அசைவு ஆகாது.

தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூறு 243 இதற்குத் தக்க சான்றாகும். மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், மருதமரக் கிளையேறி மடுவில் குதித்ததும், அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. பாட்டு அங்கு முடிந்துவிடவில்லை. கையில் ஊன்றிய தண்டும், இருமலுக்கிடையே வரும் சில சொற்களும் இன்றைய நிலையைக் காட்டி முடிக்கின்றன. முதுமை, பேசுபொருளாக மட்டுமன்றிப் பேசும் குரலாகவும் அமைந்துவிடுகிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று பாடல்களை நோக்கலாம். ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாடலைக் கல்லூரியின் இறுதிநாளில் மாணவர்கள் பாடுகின்றனர். நேற்று இன்னும் நேற்றாகிவிடவில்லை. இனி யார் எங்கிருப்பர் என்னும் அச்சமே இன்றைய நிலையாகிறது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரைக் கதைக்களனாகக் கொண்ட படமாதலின் அவ்வச்சம் பொருளுடையதாகிறது.

‘உயர்ந்த மனிதன்’ (1968) படத்தில் வாலி எழுதி, எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்த நண்பர் இருவரின் பாடல் புறநானூற்றுக்கு மிக அணுக்கமானது. சிவாஜி கணேசன் கையில் தடி, டி.எம். சௌந்தரராசன் குரலில் மூச்சிரைப்பு, பாட்டினிடையே பேச்சு. தண்டும் இருமலும் செய்த பணியை ஈண்டுத் தடியும் மூச்சிரைப்பும் செய்கின்றன. வாலி அப்பழம்பாட்டை எண்ணி எழுதினார் என்பது நம் துணிபன்று. அசைவு என்னும் மெய்ப்பாடு தனக்குரிய வடிவத்தைத் தானே தேடிக்கொள்கிறது எனலாம்.

‘ஆட்டோகிராப்’ (2004) படத்தில் பரத்வாஜ் இசையமைத்த நினைவுப் பாடலும் இளமை நிகழ்வுகளை அடுக்கியே செல்கிறது. ஆயின், அவ்வடுக்கின் முடிவில் தண்டு இல்லை, இருமல் இல்லை. பாடல் தராத இன்றைய நிலையைப் படத்தின் கதை தருகிறது. திருமண அழைப்பிதழோடு செல்லும் நாயகன், முன்பு காதலித்த லத்திகாவைக் கைம்பெண்ணாகக் காண்கிறான். கதையினின்று பிரித்துத் தனியே கேட்கும்போது பாடலில் இனிமையே எஞ்சுகிறது. 2004ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் பாடலாசிரியர் விருது பா. விஜய்க்குக் கிடைத்ததும் இப்படத்தின் நம்பிக்கைப் பாடலுக்கே என்பது நோக்கத்தக்கது.

இவ்வேறுபாடு சுவை பற்றியது மட்டுமன்று. இன்றை மறந்த நேற்று, தன் குறைகளையும் மறைத்துவிடும். நினைவில் நிற்கும் ஊரில் குளம் இருக்கும். அக்குளத்தில் இறங்க இசைவு மறுக்கப்பட்டோர் இரார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்க்கு அவ்வூர் இரவல் நினைவாகவே கிட்டுகிறது. முழுமையற்ற நினைவை இரவல் பெறுவோர், தம் முன்னோர் ஊரைவிட்டு ஏன் வந்தனர் என்பதை அறியாமலே போவர்.

பாரி மகளிர் பாட்டு (புறநானூறு 112) இழப்பின் கணக்கை ஒளிக்கவில்லை. அன்றைய நிலவில் தந்தையும் குன்றும் இருந்தமையையும், இன்றைய நிலவில் இரண்டும் இல்லாமையையும் நேர்நிறுத்திச் சொல்லிவிடுகிறது. நேற்றைப் பாடும் திரைப்பாடலிடமும் இந்நேர்மையை எதிர்பார்ப்பது மிகையன்று. 1968ஆம் ஆண்டுப் பாடலின் மூச்சிரைப்பு, அஃது இயலக்கூடியதே என்பதற்குச் சான்றாக நிற்கிறது.