குப்பைமேட்டுக்கும் ஒரு விளக்கு

தீபாவளி வெடித்து ஓய்ந்தபின் சாத்தூர்ப் பக்கம் ஓர் அமைதி வந்து உட்காரும். பட்டாசு ஆலைகள் சில காலம் மூடிக் கிடக்கும். விடிகாலையில் தெருமுனையில் நின்று ஆள் ஏற்றும் வேன்களைக் காணோம். மழை இறங்கிய கரிசல் காலோடு ஒட்டிக்கொண்டு வீட்டு வாசல்வரை வரும். அந்த ஈரத்தில்தான் திருக்கார்த்திகை பிறக்கிறது. தேசத்துக்கே வாணவேடிக்கை செய்து அனுப்பிய ஊர்க்காரர்கள் அன்று தங்கள் வீட்டுக்கென்று எடுத்துக்கொள்ளும் வெளிச்சம், ஒரு கை எண்ணெயில் சத்தமில்லாமல் எரிகிற அகல்விளக்கு.

அந்த அகலுக்கு எத்தனை பக்குவம்! புது அகலில் நேரே எண்ணெய் ஊற்றுவதில்லை. முதல் நாளே தண்ணீரில் மூழ்கப்போட்டு, எடுத்துக் காயவைக்கிறார்கள். மண் தன் தாகத்தைத் தண்ணீரில் தீர்த்துக்கொண்டால் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது. பருத்தி விளைகிற கரிசல் ஆதலால் திரிக்குப் பஞ்சு தேடிப் போகவேண்டியதில்லை. விரலில் துளி விபூதியைத் தொட்டுக்கொண்டு உருட்டினால் பஞ்சு வழுக்காமல் முறுக்கேறும். ஆண்டு முழுக்கப் பட்டாசுக்குத் திரி செருகிய விரல்கள் இங்கே அவசரமில்லாமல் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முறுக்கு கூடினால் எண்ணெய் ஏறாது, குறைந்தால் சுடர் புகையும். நடுவிலுள்ள அந்தப் பதம் அந்த விரல்களுக்குத் தெரியும்.

ஏற்றுவது தீக்குச்சியால். அதுவும் இந்த மண்ணின் சரக்குதான். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் 1923 முதல் இந்த வட்டாரத்தில் வேர் பிடித்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். தாங்கள் ஒட்டிய பெட்டியையே உரசி விளக்கேற்றிய கார்த்திகைகள் அவர்களுக்கு உண்டு.

கார்த்திகை விளக்கு மிகப் பழையது. அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர் அந்த நாளின் விளக்குகளைப் பாடியிருக்கிறார். ஆனால் என்னை மயக்குவது விளக்கின் வயதல்ல, அதை வைக்கும் இடங்கள். வாசல் கோலத்திலும் நிலைப்படியிலும் மாடக்குழியிலும் வைப்பது அழகுக்கு என்று சொல்லலாம். கிணற்றடியில் வைப்பது எதற்கு? தொழுவத்தில், அம்மியருகில், உரலருகில் வைப்பது எதற்கு? ஆண்டெல்லாம் நமக்காக உழைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப்போய் முகம் பார்க்கிறாள் வீட்டுக்காரி. வாயால் ஒரு சொல்லும் இல்லை. குனிந்து வைத்துவிட்டு, சுடர் நிற்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறாள்.

கடைசியில் பின்பக்கத்துக் குப்பைமேட்டுக்கும் ஒன்று. சாணியும் அடுப்புச் சாம்பலும் கூட்டிய சருகும் சேர்ந்த அந்த மேடு கோடையில் எருவாகிக் கரிசலுக்கு வண்டியேறும், அடுத்த வெள்ளாமையாகத் திரும்பி வரும். நாம் வேண்டாமென்று தள்ளியதே நமக்குச் சோறு போடுகிறது என்பதை அறிந்தவர்கள் வைத்த விளக்கு அது. வாசலில் முப்பது சுடர் வரிசையாக நிற்பதைவிட, இருட்டில் குப்பைமேட்டில் தனியாக நிற்கும் அந்த ஒன்றே கார்த்திகையின் உச்சம் என்பேன்.

வேலைக்குப் போனவர் முழுசாக வீடு திரும்புவதே பெரும்பேறு என்று அறிந்த ஊர் இது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் உண்டு. அதனால் இங்கே நடையில் வைக்கிற விளக்குக்கு வேறோர் எடை இருக்கிறது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது, எல்லாரும் இருக்கிறார்கள். அது போதும் என்று அந்தச் சுடர் நிற்கிறது.

விளக்கு ஏற்றியானதும் மணம் எழும். தென் மாவட்டங்களில் கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. அரிசிமாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், ஏலம், சுக்கு. பிசைந்ததைப் பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் வைத்து, ஓலை நாராலேயே கட்டி ஆவியில் வேகவைப்பார்கள். சுவையில் பாதி ஓலையினுடையது. வெந்த குருத்தின் பச்சை வாசம் மாவுக்குள் இறங்கிவிடுகிறது. பிரித்தால் ஓலையின் வரிகள் கொழுக்கட்டையின் மேல் அச்சாகப் பதிந்திருக்கும். சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றித் தின்கிற பிள்ளைகளுக்குத் தட்டு வேண்டாம், ஓலையே தட்டு. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்திருந்தால், திரும்பும்போது பையில் நாலு கொழுக்கட்டையும் ஒரு பொட்டலம் சாத்தூர்ச் சேவும் கட்டாயம் ஏறும்.

கோயில் முன்னே சொக்கப்பனை எரிவதும் பனையின் கொடைதான். நட்ட மரமும் சுற்றிய ஓலையும் பனை. எரிந்தபின் மிஞ்சும் கரியைக் கொண்டுபோய் வயலில் போடுகிறவர்கள் உண்டு. பனம்பூவைச் சுட்டுப் பொடித்துத் துணியில் சுருட்டி, மட்டைக்கு நடுவே கட்டிச் சுழற்றும் மாவளியில் பொன்னாகப் பொறி உதிரும். பட்டாசு ஆலைகள் வருமுன்னே பனங்காடு கண்டுபிடித்த மத்தாப்பு அது.

அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்குக் கிணறும் தொழுவமும் ஏது என்று கேட்கலாம். குழாயடி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, துடைப்பம் சாத்திய மூலை இருக்கிறது. இந்தக் கார்த்திகைக்குப் பால்கனி வரிசையில் ஒன்றைக் குறைத்து அங்கே கொண்டுபோய் வையுங்கள்.