மூன்றாவது சொல்

அக்கா மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. செய்யாறு பக்கத்துப் பையன். மாத்தூரில் நாலு பேராகச் சேர்ந்து ஒரு ரூம். போன மாதம் போன் செய்தான். "மாமா, முதல் வண்டி எடுக்கப் போறேன். எது எடுக்கலாம்னு சொல்லு. நீதான் பத்திரிகைல எழுதுறியே!"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் ஒருத்தன் நம்புகிறான். அதைக் கெடுப்பானேன்? ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஒரகடம். கார் ஏற்றிப் போகும் நீள நீள டிரெய்லர்கள், கன்டெய்னர்கள், கம்பெனி பஸ்கள்... இவற்றுக்கு நடுவே ஈசல் மாதிரி சின்ன பைக்குகள். ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது, 2017-ல் வல்லம் வடகாலில் இன்னொன்று. யமஹா 2015-லேயே வல்லம் வடகாலுக்கு வந்துவிட்டது. டயருக்கு அப்போலோ இருக்கிறது. பைக் வாங்குவதைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஆனால் ஷிப்ட் விடும் நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். தடதடவென்று போவது ஒன்றிரண்டுதான். மீதியெல்லாம் நூறு, நூற்றிப் பத்து, நூற்று இருபத்தைந்து சிசி.

பையனுக்கு ஆசை என்னவோ 350 மேல்தான். "லைன்ல வேலை செய்ற அண்ணனுங்கல்லாம் அதான் மாமா கெத்துன்றாங்க." 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியதில் ஆசைக்குக் கொஞ்சம் காற்றும் அடித்திருக்கிறது.

நான் எடையைப் பற்றி மட்டும் சொன்னேன். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. வித்தியாசம் 83 கிலோ. அதாவது ஒரு சிமென்ட் மூட்டையும் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பமும் சேர்த்தால்கூட இன்னும் எட்டு கிலோ குறைகிறது. பழகினவனுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு, ஜல்லி சிதறிக் கிடக்கும் ஓரத்தில், பின்னால் டிரெய்லர் ஹாரன் அடிக்க, நின்ற இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டிய இருபது வயதுப் பையனுக்கு? முதல் வண்டியில் இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். சாய்ந்தால் தானே நிமிர்த்த முடிய வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, சின்ன வண்டிதான் என்று முடிவானது. அடுத்த நிமிஷமே அவன் கேட்டான்: "சின்ன வண்டின்னா மெயின்டனன்ஸே இல்லல்ல மாமா?"

இந்தக் கேள்வி அவனுடையதில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்திய ஒரு விளம்பரம் அவன் வாய் வழியாகப் பேசுகிறது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது உடன் வந்த வாசகம், 'ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்'. ரொப்பு, மூடு, மற. இந்திய விளம்பரத் துறையின் பொற்கால வரிகளில் ஒன்று என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். மூன்றே மூன்று கட்டளைகள், மூன்றும் பாமரனுக்குப் புரியும். அந்தக் காலத்தில் தெருவில் ஓடியதில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். பங்க்கில் பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து கலக்க வேண்டும், பிளக்கைக் கழற்றிக் கழற்றித் தேய்க்க வேண்டும், அப்படியும் வண்டி புகை கக்கும். அவனிடம் போய், 'ஆயில் கலக்க வேண்டாம்பா, பெட்ரோல் போட்டு மூடியை மூடு, போய்க்கிட்டே இரு' என்றால் அது பொய்யே இல்லை. போர் ஸ்ட்ரோக்கின் அத்தனை அனுகூலத்தையும் ஆறு ஆங்கில வார்த்தைகளில் அடக்கியது சாமர்த்தியம்.

சிக்கல் மூன்றாவது சொல்லில் இருக்கிறது. டேங்க்கை மறக்கச் சொன்னார்கள். நாம் வண்டியையே மறந்தோம். ஒரு தலைமுறையே, 'நல்ல வண்டி என்றால் கையே வைக்க வேண்டியதில்லை' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டது. வண்டி வாங்கும்போது நாம் கேட்கும் ஒரே கேள்வி 'எவ்வளவு கொடுக்குது?' மாடு வாங்கப் போகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், காலைத் தட்டிப் பார்ப்பான். பைக் வாங்குகிறவன் மைலேஜை மட்டும் கேட்டுவிட்டுத் தேங்காய் உடைத்துவிடுகிறான்.

நானும் அந்த மறதிக் கூட்டம்தான். என் முதல் வண்டியில் செயின் என்று ஒன்று இருப்பதே அது அறுந்த அன்றைக்குத்தான் தெரியும். பூந்தமல்லி தாண்டி நடு ரோட்டில் நின்றேன். தள்ளிக்கொண்டு போனபோது மெக்கானிக் கேட்டார்: "சார், இதுல கடைசியா எப்ப எண்ணெய் விட்டீங்க?" நான் யோசித்த நேரத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டார்.

சினிமாவும் இந்த விஷயத்தில் உதவியதில்லை. வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' (2007) ஒரு மிடில் கிளாஸ் பையனுக்கு பைக் என்பது என்ன என்பதை நேர்மையாகச் சொன்ன படம். வண்டி வந்ததும் அவனுக்கு மரியாதை வருகிறது, வேலை வருகிறது, காதலும் வருகிறது. வண்டி தொலைந்ததும் உலகமே கவிழ்கிறது. பிரமாதம். ஆனால் அவன் செயினுக்கு எண்ணெய் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை. (போட்டிருந்தால் தியேட்டரில் விசில் வந்திருக்காது, அதுவும் நிஜம்.)

இந்த மறதியைப் பற்றியே ஒரு புத்தகம் உண்டு. ராபர்ட் பிர்சிக் 1974-ல் எழுதிய 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்'. கதைசொல்லியோடு பயணம் வரும் நண்பர் விலை உயர்ந்த பி.எம்.டபிள்யூ. பைக் வைத்திருக்கிறார். அதன் ஹேண்டில்பார் லூஸாகி வழுக்குகிறது. காலி பீர் டின்னில் ஒரு துண்டு தகட்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு முகம் போய்விடுகிறது. என் பி.எம்.டபிள்யூவுக்கு பீர் டின்னா? வண்டி மேல் பக்தி இருக்கிறது, பழக்கம் இல்லை. நம் ஊரில் டேங்க்கில் சாமி பெயர் எழுதி, தினம் துணி போட்டுத் துடைத்து, டயர் காற்றைப் பார்க்காமலே ஓட்டும் புண்ணியவான்கள் அந்த நண்பருக்குத் தம்பி முறை.

பழகுவதற்கு ஜென் எல்லாம் தேவையில்லை. வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் தருகிறார்கள், அது போதும். ஓனர்ஸ் மேனுவல். யாரும் மதிப்புரை எழுதாத நூல். பையனுக்கு வந்ததை (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) அட்டை முதல் அட்டை வரை படித்தேன். முதல் குறை, தமிழில் இல்லை. செய்யாறு பையனுக்கு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். இரண்டாவது, பக்கத்துக்குப் பக்கம் 'அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்'. இப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் வாசகன் ஏன் அடுத்த பக்கம் புரட்டுவான்? ஆனால் நடுவில் ஒரு அட்டவணை. எத்தனை கிலோமீட்டருக்கு எதைப் பார்க்கணும், எதைச் சுத்தம் செய்யணும், எதை மாற்றணும் என்று ஒற்றை எழுத்துகளில். அந்த ஒரு பக்கத்துக்காக மொத்தப் புத்தகத்தையும் மன்னிக்கலாம். பி.காம். படித்தவனுக்கு அது லெட்ஜர் மாதிரியே தெரிந்தது. பற்று வைக்காமல் வரவு கிடையாது.

அவனை உட்கார வைத்துச் சொன்னேன். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு பழைய கார்புரேட்டர் வித்தையெல்லாம் போச்சு, இன்ஜினை நோண்டாதே. ஆனா செயின், டயர், பிரேக், ஆயில் நாலும் அப்படியேதான் இருக்கு. டயர் காற்றை வண்டி ஓடறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்பவே பாரு. வண்டியைச் சமதரையில நிறுத்தி ஆயில் மட்டம் பாரு. மழையில ஓட்டிட்டு வந்தா செயினைத் துடைச்சு எண்ணெய் விடு. இந்தப் பக்கத்துப் புழுதிக்கு ஏர் ஃபில்டரை அட்டவணைல சொன்னதுக்கு முன்னாடியே பார்க்கணும். ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் டயர்ல ஆணி, இரும்புச் சுருள் ஏதாவது ஏறியிருக்கான்னு ஒரு பார்வை.

முன் பிரேக்கைத் தொடவே கூடாதென்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். நம் எல்லோருக்கும் யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். தப்பு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது, நிறுத்தும் சக்தி அங்கேதான் அதிகம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையிலான வண்டிகளுக்குக் கூட்டு பிரேக்காவது ஏபிஎஸ்ஸாவது கட்டாயம் ஆனதே அதனால்தான். கூட்டு பிரேக்கில் பின் பிரேக்கை மிதித்தால் முன்னதும் கொஞ்சம் பிடிக்கும். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்தான். அதற்கு மட்டும் திட்டினேன்.

கடனிலும் ஒரு மறதி இருக்கிறது. "பத்து பர்சென்ட்தான் மாமா" என்றான். ஃபிளாட்டாடா என்றேன். முழித்தான். 80,000 ரூபாய், மூன்று வருஷம், ஃபிளாட் பத்து சதவிகிதம் என்றால் வட்டி 24,000, மாதத் தவணை 2,889. நீ மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாய், வட்டி மட்டும் முழு 80,000-க்கும் ஓடுகிறது. நிஜ வட்டி ஏறக்குறைய பதினெட்டு. பேப்பரில் போட்டுக் காட்டினேன். பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, முன்பணத்தைக் கூட்டிக் கட்டினான்.

வண்டியை வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்து வந்தார்கள். நேற்று போன்.

"மாமா, செயின் லூஸா இருக்கற மாதிரி தெரியுது. எவ்ளோ தொய்வு இருக்கலாம்?"

"மேனுவல்ல போட்டிருக்கு, எடுத்துப் பாருடா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது ஊர்ல இருக்கு மாமா. வண்டியோட வந்ததுன்னு அம்மா மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னாடி வச்சிட்டாங்க."