சிறிய ஆடி, சிறிய விண்மீன்

சிலியின் லா சியா மலையில் நிற்கும் 'டிராப்பிஸ்ட்' தொலைநோக்கியின் ஆடி வெறும் 60 செ.மீ. விட்டம்தான். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக வானியலாளர்கள் கோள்களைத் தேடி அதை மங்கலான, குளிர்ந்த குள்ள விண்மீன்கள் பக்கம் திருப்பினார்கள். என்ன அழகான தேர்வு! சூரியனுக்குக் குறுக்கே பூமி போனால் அதன் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. வியாழனைவிடச் சற்றே பெரிய டிராப்பிஸ்ட்-1 விண்மீனிலோ, பூமியளவு கோள் கடக்கும்போது கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு மங்குகிறது. சிறிய ஆடிக்கும் எட்டுகிற மங்கல் அது. 40 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்த விண்மீனில் 2016இல் லியேஜின் மைக்கேல் கில்லோன் குழு கோள்களை அறிவித்தது. மறு ஆண்டு, ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் துணையோடு அவை ஏழாயின. அவற்றுள் 'இ' கோளுக்கு ஓர் ஆண்டென்பது ஏறக்குறைய ஆறே நாள். காற்று மண்டலம் இருந்தால் அதன் தரையில் நீர் தேங்கி நிற்கலாம். அந்தக் காற்றைத்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இப்போது தேடுகிறது.