எட்டிப் பார்க்க வேண்டிய தொட்டில்

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணின் கைபேசியில் இப்போது தவறாமல் வந்து விழுகிற காணொளி ஒன்று உண்டு. ஓட்டு வீடு, உத்தரத்தில் தொங்கும் தூளி, பின்னணியில் தாலாட்டு. கருப்பைக்குள் சுருண்டு கிடந்தது போலவே குழந்தை தூளியிலும் சுருண்டு கிடக்கிறதாம். முதுகுக்கு நல்லதாம், தலை உருண்டையாகுமாம், எல்லாமே முன்னோரின் அறிவியலாம். விரலால் தள்ளினால் அடுத்தது விளம்பரம்: மோட்டார் வைத்த ஸ்பிரிங் தொட்டில், இரவு முழுக்கத் தானே ஆடும்.

தூளியின் நல்ல குணங்களை யாரும் மறுக்கப் போவதில்லை. காசு செலவு கிடையாது. துவைத்துத் துவைத்து நைந்த நூல் சேலை ஒன்றும் ஒரு கொக்கியும் போதும். ஈரமானால் சேலையை மாற்றிவிடலாம். எறும்பும் பூரானும் அவ்வளவு சுலபமாக ஏறாது. பத்துப் பேர் புழங்கும் வீட்டில் யார் காலிலும் குழந்தை மிதிபடாது. ஆட்டினால் அழுகை அடங்கும் என்பதற்கு ஆராய்ச்சியும் வேண்டாம். நகரத்துக் கடைகளில் விற்கும் கட்டிலோரத் தொட்டில், பாயில் படுக்கிற வீட்டுக்கு எந்த வகையிலும் உதவாது. கட்டில் இருக்கிற வீட்டிலும், மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவே இடுக்கு விழுந்தால் அதுவே ஆபத்து.

இத்தனையும் சரி. ஆனால் தூளிக்கு வாதாடுகிறவர்கள் அழுகையை ஆற்றும் இடத்தையும் இரவுப் படுக்கையையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

பிறந்த குழந்தைக்குத் தலைதான் கனம். பின்மண்டை புடைத்திருக்கும், கழுத்து நிற்க மூன்று நான்கு மாதமாகும், மூச்சுக்குழல் மெல்லியது, எளிதில் மடங்கும். குழிந்த துணியில் கிடத்தினால் மோவாய் நெஞ்சில் போய் முட்டும், காற்று போகும் வழி குறுகும். அப்போது குழந்தை கத்தி ஊரைக் கூட்டாது. கத்துவதற்கும் மூச்சு வேண்டுமே! கருப்பையில் சுருண்டு கிடந்தது உண்மைதான். ஆனால் அங்கே அதற்கு ஆக்சிஜன் வந்தது தாயின் ரத்தத்திலிருந்து. தொப்புள்கொடியை அறுத்தபோதே அந்த உவமையும் அறுந்துபோயிற்று.

இந்த விபரீதத்தை அமெரிக்கா காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது. துணியில் முடிந்து தோளில் மாட்டிக்கொள்ளும் குழந்தைத் தூளிகளால் இருபது ஆண்டுகளில் 14 குழந்தைகளாவது இறந்திருந்ததைக் காட்டி, அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2010இல் எச்சரித்தது. மோவாய் நெஞ்சில் மடங்குவது, துணி மூக்கை அடைப்பது என இரண்டு காரணங்களைச் சொன்னது. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ‘ராக் அன் ப்ளே’ என்ற சாய்வுத் தொட்டில் வந்தது 2009இல். சுமார் 30 டிகிரி சாய்வு. கண்ணயரும் குழந்தையைப் பார்த்துப் பெற்றோர் கொண்டாடினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட சாவுகளுக்குப் பிறகு, 2019 ஏப்ரலில் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்பதற்கே 2022இல் சட்டம் தடை போட்டது.

நம் ஊர்ச் சங்கதிக்கு அமெரிக்கா எதற்கு என்று கேட்பார்கள். அங்கே குழந்தை தூக்கத்தில் இறந்தால் விசாரணை நடக்கிறது. இங்கே ‘பால் புரையேறிடுச்சு’ என்று ஒரே வரியில் முடித்து, பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடுகிறோம். ‘நாங்களெல்லாம் தூளியில்தானே வளர்ந்தோம்’ என்று சாட்சி சொல்ல வருகிறவர்கள் அத்தனை பேரும் பிழைத்தவர்கள். 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அவை தூளியால் செத்தன என்பதல்ல வாதம். ஆனால் அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள்தான், பிழைத்த பிள்ளைக்குக் குப்புசாமி என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தன. தவிட்டுக்கு விற்று வாங்கின. அந்தக் காலத்துக் குழந்தை வளர்ப்பைக் குறையற்றதாகக் காட்டுகிறவர்கள், தம் கொள்ளுத்தாத்தாவின் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

இனி இரவு இரண்டு மணிக்கு வருவோம். அறுவைசிகிச்சையில் பெற்ற தாய், தூளிக்குக் கீழே பாயில் படுத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிவது சேலையின் அடிப்பக்கம் மட்டுமே. மேலே இரண்டு ஓரமும் கூடி முகத்தை மூடியிருக்கின்றன. குறுக்கே கம்பு வைத்து அகட்டினாலும் படுத்திருப்பவள் கண்ணுக்கு எதுவும் எட்டாது. துணி மூக்கில் ஒட்டியிருக்கிறதா, மோவாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க, தையலைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து, கையூன்றி, முழங்காலிட்டு எழுந்து, சேலையை விலக்க வேண்டும். முதல் இரவு நான்கு முறை எழுவாள். பத்தாம் இரவு, சத்தமில்லை என்றால் நன்றாகத் தூங்குகிறது என்று தானும் கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்தில் இருக்கிறது என்ற பெயர்தான்; பிள்ளை அவள் கைக்கும் எட்டவில்லை, கண்ணுக்கும் எட்டவில்லை.

பழைய வீட்டில் தூளிக்கயிற்றின் மறுமுனையில் விழித்திருக்கும் ஒரு கை இருந்தது. பாட்டியோ அத்தையோ மூத்த அக்காவோ, வெற்றிலை மென்றபடி, ஆட்டுகிற சாக்கில் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காணொளிக்காரர்கள் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டியை விட்டுவிட்டார்கள். மோட்டார் விற்கிறவர்கள் ஒரு படி மேலே போய், பாட்டி இல்லாததையே வசதி என்று விலைபேசுகிறார்கள்.

மரபைக் கைவிடவும் வேண்டியதில்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்கள், 2000களின் நடுவில், தங்கள் மண்ணின் நார்ச்செடியைப் பின்னி ‘வஹாகுரா’ என்ற தட்டையான கூடையைச் செய்தார்கள். அதைப் பெற்றோரின் படுக்கையிலேயே வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்குத் தனி இடம், தாய்க்குக் கையெட்டும் தூரம். நம்மிடமும் பச்சைக் குழந்தையை முறத்தில் கிடத்தும் வழக்கம் இருந்தது. சடங்குக்குத்தான் என்றாலும் முறம் தட்டையானது, உறுதியானது, முகத்தை மறைக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கேட்பதும் ஏறக்குறைய அதையேதான்: தட்டையான, அமுங்காத படுக்கை, மல்லாந்த கிடை, தலையணை கூடாது, குறைந்தது ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கை. மல்லாத்தினால் புரையேறும் என்ற பயமும் வேண்டாம். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருக்கிறது. கக்கிய பால் மேலேறித்தான் அதற்குள் போக வேண்டும்.

தூளியில் கண் சொக்கியதும் பிள்ளையை அள்ளியெடுத்து, மகளின் பாயோரம் நான்காக மடித்த ஜமுக்காளத்தில் மல்லாத்திவிட்டு, குடைக் கொசுவலையைக் கவிழ்க்கிற பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். காணொளி எடுக்கிறவர்கள் அதற்குள் கேமராவை அணைத்துவிடுகிறார்கள்.